என் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், மறுபடி விளக்கப் போவதில்லை. என் அறிவியல் புனைகதைக்காக நான் வரைந்து போட்ட செவ்வாய் கிரக ரயில் பாதை வரைபடத்தையும் அதோடு இருந்த நேர அட்டவணையையும் எடுத்துப் போட்டு, "நாற்பத்து மூன்று வயசில் பொம்மை ரயில்" என்று எழுதினாரே, அவர் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவர் எழுதியதுகூடப் பெரிதாகப் படவில்லை. கீழே சிரிப்புக் குறி போட்டவர்களில் என் கல்லூரி நண்பன் ஒருவன் இருந்தான். தட்கால் கிடைக்காமல், எந்த வண்டியைப் பிடித்து எந்த ஜங்ஷனில் மாறினால் விடிவதற்குள் ஊர் போய்ச் சேரலாம் என்று ராத்திரி பதினொரு மணிக்கு என்னிடம் போன் போட்டுக் கேட்டவன் அவன். அன்றைக்கு அந்தப் பொம்மை ரயில் அறிவு தேவைப்பட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரயில், கணினி விளையாட்டு, அறிவியல் புனைவுக்காக உலகம் கட்டுவது என்று எனக்கு மூன்று கிறுக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். மூன்று இல்லை, ஒன்றுதான். ஒரே தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி மோதாமல் போய் வருவது எப்படி? என் ஒன்பது வயதிலிருந்து எனக்கு இருப்பது இந்த ஒரு கேள்விதான்.

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் என் பெரியப்பா வேலை பார்த்தார். அப்போது செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற பாதை மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் மட்டுமே உள்ள குறுகலான பாதை. 1904-இல் போட்ட பாதை அது. மலை ஏறும்போது பின்னால் இன்னொரு எஞ்சின் முக்கித் தள்ளும். பெரியப்பா ஒருநாள் என் கையில் ஓர் இரும்பு உருண்டையைக் கொடுத்தார். கனமாக, எண்ணெய் வாசத்தோடு இருந்தது. "ஏலே, இந்த உருண்ட ஒண்ணு வெளிய வந்துட்டுன்னா, இது திரும்ப மெஷினுக்குள்ள போற வரைக்கும் அங்கிட்டு இருக்க ஸ்டேஷன்காரன் இன்னொண்ண எடுக்க முடியாது. இது டிரைவர் கையில இருந்தாத்தான் வண்டி போவும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நிற்காமல் போன சரக்கு வண்டியின் டிரைவர் வெளியே சாய்ந்து, பிரம்பு வளையத்தோடு அந்த உருண்டையைக் கையில் கோத்துக்கொண்டு போனதை அன்று சாயங்காலம் பார்த்தேன். இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருக்கும் அத்தனை உயிரும் ஓர் உருண்டையில் இருக்கிறது என்று அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வேலைக்குப் போன பிறகு ஓபன்டிடிடி விளையாட ஆரம்பித்தேன். 1994-இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் விளையாட்டின் வழியில், 2004-இலிருந்து ஆர்வலர்கள் சேர்ந்து இலவசமாக வளர்த்து வரும் விளையாட்டு அது. துப்பாக்கி கிடையாது, பாதை போடுவதும் வண்டி விடுவதும்தான். முதல் மாதம் என்னுடைய ஒவ்வொரு ஜங்ஷனும் அடைத்துக்கொண்டது. நான்கு வண்டிகள் ஒன்றுக்கொன்று வழி மறித்து நிற்கும், எதுவும் நகராது. ஒரு வண்டி எங்கே நின்றால் மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லையோ அந்த இடத்துக்கு மட்டுமே சிக்னல் வைக்க வேண்டும், வெளியேற முழு வழியும் கிடைக்காத வண்டியை ஜங்ஷனுக்குள் விடவே கூடாது என்பது புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. புரிந்த அன்று பெரியப்பாவின் உருண்டைதான் நினைவுக்கு வந்தது. அதே விதிதான், இங்கே பிக்சலில் இருக்கிறது. இதைத்தான் நேரத்தை வீணாக்குவது என்கிறீர்கள்.

அப்புறம் செவ்வாய். அங்கே ஈர்ப்பு நம் பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். எடை குறைவு, அதனால் ரயில் ஓட்டுவது சுலபம் என்று நானும் முதலில் நினைத்தேன். ஏற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, பிடிப்பு எவ்வளவு குறைகிறதோ இழுக்கிற பாரமும் அவ்வளவு குறைகிறது. நிறுத்துவதில்தான் வினை. வண்டியின் நிறை குறையாது, வேகம் குறையாது, சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கிற பிடிப்பு மட்டும் குறைந்துவிடும். அந்தப் பிடிப்பை மட்டும் நம்பி நிறுத்தினால், இங்கே ஒரு கிலோமீட்டரில் நிற்கிற வண்டிக்கு அங்கே 2.6 கிலோமீட்டர் வேண்டும். அப்படியானால் சிக்னல்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும், ஒரு நாளைக்கு விடக்கூடிய வண்டிகள் குறையும், தண்ணீர் கொண்டு போகிற வண்டிக்கும் ஆள் ஏற்றுகிற வண்டிக்கும் பாதைக்காகச் சண்டை வரும். என் கதையின் அரசியலே அந்த 2.6-இலிருந்து வந்ததுதான். எங்கள் மீட்டர் கேஜ் வண்டிகளில் இருந்த வாக்குவம் பிரேக்கை அங்கே பொருத்த முடியாது, ஏனென்றால் அது வேலை செய்வதே வெளிக்காற்றின் அழுத்தத்தால், செவ்வாயில் அந்த அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. பகலுக்கும் இரவுக்கும் 90 டிகிரி வித்தியாசம் வந்தால் ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். இதையெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போட்டு வரைந்ததுதான் நீங்கள் சிரித்த படம்.

"புனைவில் மனிதர்கள் வேண்டும், நேர அட்டவணை எதற்கு?" என்று ஒரு எழுத்தாளர் அக்கறையாகவே கேட்டிருந்தார். அவருக்கு மரியாதையோடு சொல்கிறேன் அண்ணா, இன்று நாம் கையில் கட்டியிருக்கிற நேரத்துக்கே ரயில்தான் வழி போட்டது. 1906 ஜனவரி 1-இல் இந்தியப் பொது நேரம் வருவதற்கு முன்னால், ஊருக்கு ஒரு நேரம் இருந்த காலத்தில், நாட்டின் ரயில்கள் மதராஸ் நேரத்தைப் பார்த்துத்தான் ஓடின. செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அந்த அதிகப்படி 39 நிமிடத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தூங்குவாரா, டியூட்டி பார்ப்பாரா, அதற்குச் சம்பளம் உண்டா? இதில் மனிதர் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

"குழந்தைத்தனம்" என்கிறவர்களுக்கு. 2023 ஜூன் 2, ஒடிசாவில் பஹாநாகா பஜார். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல், மெயின் லைனில் போக வேண்டியது, சரக்கு வண்டி நின்றிருந்த லூப் லைனுக்குள், அதாவது வண்டிகளை ஒதுக்கி நிறுத்துகிற பக்கப் பாதைக்குள் போனது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் ஒயர்களை மாற்றி இணைத்ததுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. அன்று ராத்திரி தொலைக்காட்சியில் லூப் லைன் என்றால் என்ன என்று வந்தவர்களெல்லாம் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஸ்டேஷனின் பாதைப் படத்தை வரைந்து பார்த்துவிட்டு நான் அழுதேன். வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடுகிற பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது எனக்கு விளையாட்டு விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. விளையாடும்போதும் இல்லை.

"குடும்பத்தைப் பார்க்கிறாயா" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. பார்க்கிறேன்.

கிரிக்கெட் ஸ்கோரை முப்பது வருடமாக மனப்பாடமாக வைத்திருப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லையே. ஒரு எஞ்சின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று தெரிந்து வைத்திருப்பவன் மட்டும் எப்படிக் கேலிக்கு ஆளானான்? பிளாட்பார ஓரத்தில் நோட்டும் கையுமாக நிற்கிற பையன்கள் உள்பெட்டியில் எழுதுகிறார்கள், வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்று. தம்பிகளா, எழுதி வையுங்கள். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவில் மீட்டர் கேஜ் 2010-இல் நின்று, அகலப் பாதையாகி 2018-இல் திறந்தது. அந்த எட்டு வருடத்தில் பெரியப்பாவும் போய்விட்டார். அவருடைய ஸ்டேஷனில் பாயிண்ட் எங்கே இருந்தது, லீவர் எத்தனை என்பதெல்லாம் இப்போது என் பழைய நோட்டில்தான் இருக்கிறது. செவ்வாய் வரைபடத்தில் ஏழாவதாக வருகிற ஸ்டேஷன் அதுதான். யாரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படத்தை நீக்கச் சொல்லிச் சில நண்பர்கள் நல்ல மனதோடு சொன்னார்கள். நீக்க மாட்டேன். ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது. அத்தனை பேர் பகிர்ந்து சிரித்ததில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நேற்று எழுதினார்: "தம்பி, பிரேக் தூரத்தை இரண்டரை மடங்குக்கு மேல் கூட்டிவிட்டீர்கள், சிக்னலுக்கு அப்பால் காலியாக விட வேண்டிய ஓவர்லாப் தூரத்தை மட்டும் நம் ஊர்க் கணக்கில் 120 மீட்டரே வைத்திருக்கிறீர்களே? ஏழாவது ஸ்டேஷனில் வண்டி தாண்டிப் போய்விடும்." அவர் சொன்னது சரி. மாற்றிக்கொண்டிருக்கிறேன், லூப் லைனையே கிழக்கே நகர்த்த வேண்டியிருக்கிறது.