ஷாம்பு பாக்கெட்டை யார் பொறுக்குவது?

விற்ற பிளாஸ்டிக் உறைகளுக்குக் கம்பெனிகளே பொறுப்பு என்ற 2022 விதிகளை, பிளாஸ்டிக் கழிவு பற்றிய உங்கள் கட்டுரை பாராட்டுகிறது. சரி. மும்பை தாராவியில் மறுசுழற்சிப் பட்டறைகள் நிறைந்த 13ஆம் காம்பவுண்டில் என் சித்தப்பா பிளாஸ்டிக் தரம் பிரிக்கிறார். மூடியோ டப்பாவோ, ஒரு துண்டைக் கொளுத்தி மோந்து பார்த்தே ரகம் சொல்லிவிடுவார். இருமலும் அதே புகையில் வந்ததுதான். ஆனால் ஷாம்பு பாக்கெட்டைத் தொடவே மாட்டார். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், லேசில் பிரியாது. எடையும் கிடையாது, கோணி நிறையப் பொறுக்கினாலும் டீக்காசு தேறாது. (பாக்கெட் ஷாம்புவைப் பரப்பியது நம்ம கடலூர் என்று எங்கள் தெருவில் பெருமை வேறு!) தங்கள் பொறுப்பை நிறைவேற்றியதாகக் காட்ட, மறுசுழற்சி செய்பவர்களிடம் கம்பெனிகள் சான்றிதழ் வாங்கக் கொடுக்கும் பணத்தில் பொறுக்குகிறவர் கைக்குக் கிலோவுக்கு எவ்வளவு வருகிறது? கட்டுரையில் அந்தக் கணக்கைத்தான் தேடினேன்.