ஒருமுறை அளந்தால் போதாது
ஒரு வலைப்பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகத்தின் (ஐஃப்ரேம்) உயரத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப வைப்பது பற்றிய இந்தக் கட்டுரை, 'சட்டகப் பக்கம் ஏறி முடிந்ததும் ஒருமுறை ஸ்க்ரோல்ஹைட் (உள்ளடக்கத்தின் முழு உயரம்) எடுத்து உயரம் வைத்தால் போதும்' என்று சொல்வது பாதிதான் சரி. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே ஆரிஜினில் (அதே நெறிமுறை, டொமைன், போர்ட்) இருந்தால்தான் அது நடக்கும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி அகப்பக்கத்தில் வெளித்தளப் பதிவுப் படிவத்தை ஒட்டினால் பிரவுசர் உள்ளே அளக்கவே விடாது, ஐஃப்ரேம் இயல்பான 150 பிக்சல் உயரத்திலேயே நிற்கும். அதற்கு உள்பக்கத்திலும் நாலு வரி வேண்டும்: உள்ளடக்கம் முழுவதையும் ஒரே டிவ்வில் (div என்ற பெட்டி) போட்டு, அளவு மாறுவதைச் சொல்லும் ரீசைஸ்அப்சர்வரால் அதைக் கவனித்து, உயரம் மாறும்போதெல்லாம் அதை, பக்கங்களுக்கிடையே செய்தி அனுப்பும் போஸ்ட்மெசேஜில் வெளியே அனுப்ப வேண்டும். வெளிப்பக்கம் அனுப்பியவரின் ஆரிஜினைச் சரிபார்த்த பிறகே அந்த எண்ணை ஏற்க வேண்டும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். செம்பனைக்கு நடுவே இணைய லைன் மெதுவாக வரும் இடத்தில், தேவைப்படும்போது மட்டும் ஏறும் (லேசி லோடிங்) படங்களும் எழுத்துருவும் பிந்தி வந்து உயரத்தை மாற்றும், ஒருமுறை அளந்த கணக்கு அங்கேயே பொய்த்துவிடும். இன்னொன்று, உள்பக்கத்தின் html உறுப்பின் ஸ்க்ரோல்ஹைட் சட்டகத்தின் அப்போதைய உயரத்துக்குக் கீழே இறங்காது. படிவம் சுருங்கினாலும் அடியில் வெற்றிடம் கிடக்கும், அதனால் டிவ்வின் உயரத்தையே அளந்து மேல்நோக்கி முழு எண்ணாக்குங்கள். அந்த டிவ்வுக்கு சிஎஸ்எஸ்ஸில் (தோற்ற விதிகள்) டிஸ்ப்ளே ஃப்ளோ-ரூட் கொடுத்தால் உள்ளிருக்கும் மார்ஜின் (வெளி இடைவெளி) வெளியே கசியாது. மேலே கருத்திட்ட ஒருவர் 'சட்டகம் நிற்காமல் நீண்டுகொண்டே போகிறது' என்று கேட்டிருந்தார். உள்பக்கத்து சிஎஸ்எஸ்ஸில் 100விஎச் (சட்டகத்தின் முழு உயரம் என்ற அளவு) இருக்கிறதா பாருங்கள். சட்டகம் வளர வளர அதுவும் வளரும், கூடவே பேடிங் (உள் இடைவெளி) சேர்ந்தால் முடிவே இல்லை.