கேட்ட கேள்வி சரியா தப்பா, முதலில் அதைச் சொல்லுங்கள்

கேன்சர் வார்டில் ஒரு மருந்துச்சீட்டைப் பற்றிக் கேள்வி கேட்ட பார்ம்.டி (மருந்தாளுநர் படிப்பு) இன்டர்ன் பெண்ணை வெளியே அனுப்பினார்கள் அல்லவா, அதைப் பற்றிச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த ஆடியோவை மூன்று முறை கேட்டுவிட்டேன். முதல் முறை பாதியிலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு முறை, எங்காவது ஒரு வாக்கியத்திலாவது அந்த விஷயம் வருகிறதா என்று தேடத்தான் கேட்டேன். மரியாதை வருகிறது, வரம்பு வருகிறது, "மருந்துக்கடைப் பிள்ளைகள்" மூன்று தடவை வருகிறது, "இவங்களை யார் வார்டுக்குள்ள விட்டது" வருகிறது. அந்தப் பெண் கேட்ட கேள்வி சரியா தப்பா என்பது மட்டும் வரவே இல்லை.

கேள்வி இதுதான். ஆக்ஸாலிபிளாட்டினை நார்மல் சலைனில் போடச் சொல்லி எழுதியிருக்கிறதே சார், டெக்ஸ்ட்ரோஸில்தானே கலக்க வேண்டும்? அவ்வளவுதான். ஆக்ஸாலிபிளாட்டின் ஒரு கேன்சர் மருந்து. சலைன் என்கிற உப்புநீரில் இருக்கும் குளோரைடு பட்டால் அது சிதையும், 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரை நீரில்தான் கலக்க வேண்டும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே இருக்கிறது. சிஸ்பிளாட்டின் என்கிற இன்னொரு கேன்சர் மருந்துக்கு சலைன்தான் வேண்டும், பெயரும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, நாற்பது நோயாளிகளைப் பார்த்துவிட்டு எழுதும் கை மாற்றி எழுதிவிடலாம். எழுதியவரை நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கேட்டவளை ஏன் வெளியே அனுப்பினீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"நோயாளி முன்னாடியே கேட்டாளாமே?" நேற்றிலிருந்து எட்டு பேர் இன்பாக்ஸில் இதையே கேட்டுவிட்டார்கள். சரி, வெளியே கூட்டிப்போய்க் கேட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். இருபத்துமூன்று வயதுப் பெண், மருந்தைப் பையில் கலக்கப் போகிற நேரம், பதற்றத்தில் கேட்டுவிட்டாள். அதற்குத் தண்டனை, அந்த பேட்ச் முழுவதும் இனி கேன்சர் வார்டுப் பக்கமே வரக்கூடாதா? அப்படியென்றால் மருந்துச்சீட்டில் தப்பு வரலாம், தப்பான இடத்தில் நின்று கேள்விதான் கேட்கக்கூடாது. அருமை.

பார்ம்.டி என்றால் என்னவென்று தெரியாமலே நிறைய பேர் கமெண்ட் போடுகிறார்கள். 2008-ல் வந்த படிப்பு, ஆறு வருஷம். கடைசி வருஷம் முழுக்க மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்: ஆறு மாதம் பொது மருத்துவம், அப்புறம் மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். கேன்சர் வார்டு கிடைத்தால் கிடைப்பதே அந்த இரண்டு மாதம்தான். எங்கள் கல்லூரியில் உதவித்தொகையும் கிடையாது, மதியச் சாப்பாடும் கிடையாது, வார்டில் எங்களுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஜன்னல் திட்டில் ஃபைலை வைத்து எழுதிப் பழகியவள் நான்.

என் இரண்டு மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா வருவார். குடலில் கட்டி, அறுவை முடிந்து கேப்சிடபின் என்கிற கேன்சர் மாத்திரையில் இருந்தார். காலையில் மூன்று, ராத்திரி மூன்று, சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும். பதினாலு நாள் போட்டுவிட்டு ஏழு நாள் நிறுத்த வேண்டும். மூன்றாவது சுற்றுக்கு வந்தபோது செருப்பில்லாமல் வந்தார். உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்து கிடந்தது. அந்த மாத்திரைக்கு அது வரக்கூடியதுதான், அதனால் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை, களிம்பு எழுதிக் கொடுத்தாயிற்று. எனக்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை. உண்மையிலேயே இல்லை, அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். பையிலிருந்து அட்டைகளை எடுத்துக் காட்டச் சொன்னேன். எண்ணிக்கை உதைத்தது. ஒரு சுற்று எண்பத்துநாலு மாத்திரையோடு தீர்ந்திருக்க வேண்டும், இவரிடம் அதற்கு மேலும் வாங்கிய அட்டைகள் இருந்தன.

"நிறுத்துற ஏழு நாள்லயும் போட்டீங்களா ஆயா?"

"பிரஷர் மாத்திரைய நிறுத்துனா தலை சுத்தும்னு சொல்வாங்கல்ல கண்ணு, இது கேன்சராச்சே, நிறுத்துனா விடுமா? தீந்துபோச்சுன்னு நம்மூரு மெடிக்கல்ல சீட்டைக் காட்டி வாங்கிக்கிட்டேன்."

இப்படியே விட்டிருந்தால் அடுத்தது வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் வெள்ளணு குறைந்து காய்ச்சல், ஐசியூ. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள். நான் நோட்டில் எழுதிக் கொடுத்ததை என் சீனியர் ரவுண்ட்ஸில் தன் பெயரில் சொல்லி "வெரி குட்" வாங்கிக்கொண்டார், அது வேறு கதை, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அந்த ஊர் மெடிக்கலுக்கு வருகிறேன். லைசென்ஸ் இருக்கும், சுவரில் ஒரு பார்மசிஸ்ட் சர்டிபிகேட் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கும், அந்த ஆள் எங்கோ வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். மாத வாடகை. இது தெரியாதவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா? என் சர்டிபிகேட்டையே கேட்டார்கள். பெண் பார்க்க வந்த வீட்டில், பையனின் சித்தப்பா, கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "வேலைக்குப் போனாலும் போகாட்டாலும் சர்டிபிகேட்ட நம்ம கடைல மாட்டிடலாம்மா" என்றார். ஆறு வருஷப் படிப்பு அவர் கண்ணுக்கு ஒரு ஃபிரேமாகத் தெரிந்தது. கடையில் பார்மசிஸ்ட் வேண்டாம், ஃபிரேம் போதும். வார்டிலும் வேண்டாம், ஏனென்றால் நாங்கள் கடைக்காரப் பிள்ளைகள். எங்கேதான் நிற்கச் சொல்கிறீர்கள்?

"பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளத்தானே இத்தனை ஆட்டம்?" வந்துவிட்டது. இந்தப் பதிவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நான் போட்டுக்கொள்வதில்லை, என் ப்ரொஃபைலைப் பாருங்கள். போட்டுக்கொள்கிறவர்களோடு சண்டை போட வேண்டுமென்றால் அவர்கள் பக்கத்தில் போய்ப் போடுங்கள். எந்த விஷயத்தைப் பேசினாலும் கடைசியில் எங்களை அந்த இரண்டெழுத்துச் சண்டைக்கு இழுத்துவந்து நிறுத்துவது ரொம்ப வசதி, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கீமோ மருந்து ஆவி, தோலில் படும் ஆபத்து, மாணவர்களை அதன் பக்கத்தில் விடலாமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயம்தான். கையுறையும், மருந்து கலக்கும் பாதுகாப்பு கேபினெட்டும் கொடுங்கள், அவ்வளவுதான். இன்டர்ன்கள் பாதி நேரம் போனில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. யார்தான் இல்லை?

வின்கிரிஸ்டின் என்கிற கேன்சர் ஊசியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரத்தக்குழாயில் போக வேண்டிய ஊசி முதுகுத்தண்டில் போனால் ஆளைக் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். நல்ல நல்ல மருத்துவமனைகளிலேயே நடந்திருக்கிறது. ஊசிக்குழாயில் வேண்டாம், சின்னப் பையில் கலந்து கொடுங்கள் என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கை விட்டது. அங்கெல்லாம் அறையில் ஒருத்தர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? ஊசியைப் பார்த்து, என்னமோ சரியில்லையே என்று தோன்றியும், நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டு நின்ற யாரோ ஒருத்தர் இருந்திருக்க மாட்டார்களா? அந்த வாயை மூடத்தான் இந்த நாலு நிமிஷ ஆடியோ.

அந்தப் பெண் நேற்று ராத்திரி பேசினாள். அழவில்லை. "அக்கா, அன்னிக்கு பையை டெக்ஸ்ட்ரோஸ்லதான் மாத்துனாங்க" என்றாள். மாற்றியிருக்கிறார்கள்! அவளை வெளியே அனுப்பிவிட்டு, பையை மாற்றியிருக்கிறார்கள். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தயவுசெய்து அந்த ஆடியோவை இனி யாரும் எனக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள்.