கண்ணாடிக்குள் தேனீ வைக்கும் முன், வாசல் தொட்டிக்கு மூடி போடுங்கள்

மே 20 உலகத் தேனீ நாள். ஐ.நா. 2017இல் அறிவித்தது. ராமேசுவரத்தில் அது விடுமுறைக் கூட்டம் நெரியும் நேரம். கடை முகப்புக் கண்ணாடியில் தேனீ அலங்காரம் வைக்க நல்ல தருணம். ராமநாதபுரம், கீழக்கரைக் கடைகளும் சேர்ந்தால் ரொம்ப நல்லது. ஆனால் வேலையை வாசலிலிருந்து தொடங்குங்கள்.

டீ, ஜூஸ் குடித்துவிட்டு எறியும் காகிதக் கப்பின் அடியில் இனிப்பு தங்கும். அதைக் குடிக்க வரும் தேனீ உள்ளேயே ஒட்டிக்கொண்டு சாகும். மதுரை ஆய்வாளர்கள் இதைக் கவனித்து 2011இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். எனவே முதல் செலவு, காலால் மிதித்துத் திறக்கும் மூடி போட்ட குப்பைத்தொட்டி. கண்ணாடி டம்ளருக்கு மாறினால் இன்னும் நல்லது. அப்போது டம்ளர் அலசும் வாளிக்கும் மூடி வேண்டும்.

அடுத்தது, எந்தத் தேனீ? இணையத்தில் கிடைக்கிற, மஞ்சளாகக் குண்டாக ரோமத்தோடு இருக்கிற படத்தை அப்படியே பிளெக்ஸ் அடித்துவிடுகிறார்கள். அது குளிர்நாட்டு வண்டுத்தேனீ, நம் கடற்கரையில் கிடையாது. உடைமரத்திலும் சீமைக்கருவேலிலும் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயை வையுங்கள். வயிற்றின் முன்பகுதி செம்பழுப்பு, பின்னால் கறுப்பு வெள்ளைப் பட்டை. இறக்கை 4, கால் 6, எல்லாமே நடுவுடலில்தான் முளைக்கும். வயிற்றில் கால் ஒட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

அடையையும் தேனீயையும் 15 மடங்கு பெரிதாக்கிச் செய்தால் அடையின் ஒரு அறை 4.5 செ.மீ. அகலம், தேனீ 12 செ.மீ. நீளம். பனங்குருத்தோலையை 17 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் நறுக்குங்கள். 2.6 செ.மீ.க்கு ஒரு மடிப்பாக ஆறு பக்கம், மீதி ஒட்டுக்கு. 60 அறை போதும். நறுக்கும் முன் ஓலை 3 நாள் நிழலில் காய வேண்டும். பச்சையாகத் தைத்தால் பிறகு சுருங்கி இடைவெளி விடும். காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும் என்பதால் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு மடியுங்கள். ஸ்டேப்ளர் வேண்டாம். உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து ஓலையில் கறை இறங்கும், நூலால் தைப்பதே நல்லது. அடையைத் தாங்க முள் நீக்கிய கருவேலங்கிளை. ஒரு வாரம் வெயிலில் காயாவிட்டால் வண்டு துளைத்து மாவு கொட்டும்.

உடலுக்குத் தேங்காய்நார்க் கயிறு, இறக்கைக்குத் தென்னம் பன்னாடையின் மெல்லிய பகுதி. அதன் பின்னல் இறக்கை நரம்பு போலவே தெரியும். தொங்கவிடத் தூண்டில் தங்கூசி (நைலான் இழை). ஒற்றை இழையில் கட்டினால் மின்விசிறிக் காற்றில் தேனீ சுழன்றுகொண்டே இருக்கும், இரண்டு இழை கட்டுங்கள்.

ஒரே காட்சியை மூன்று நாள் பார்த்தவர் நான்காம் நாள் திரும்பிப் பார்க்கமாட்டார். முட்டை வேலைக்காரத் தேனீயாக ஏறக்குறைய 3 வாரம் ஆகும். ஏப்ரல் 29 அன்று அறைகளில் வெள்ளை நூல்துண்டு முட்டையாக இருக்கட்டும். மே 2இல் பஞ்சுத்திரிப் புழு, மே 8 வாக்கில் பழுப்புத்தாள் மூடி. மே 20 காலை மூடியைக் கிழித்துத் தேனீயை வெளியே விடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்காக அடையை மூன்றடி உயரத்தில் வையுங்கள்.

வாசகத்தில் பொய் வேண்டாம். ‘தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனிதன் அழிவான்’ என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக ஆதாரமே இல்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும், பூச்சி தேவையில்லை. பூசணி, வெள்ளரி, தர்பூசணிக்குப் பூச்சி வந்தே தீர வேண்டும். ஒரு தர்பூசணியை அறுத்த நிலையில் பொம்மையாகச் செய்து, ‘தேனீ வந்ததால் காய்த்தது’ என்று இரண்டு அங்குல எழுத்தில் எழுதினால் எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்தே படிக்கலாம். நிஜப் பழமும் தேனும் வேண்டாம். திறந்த தேனைத் தேடி வெவ்வேறு கூட்டுத் தேனீக்கள் வரும், ஒரு கூட்டின் நோய் இன்னொன்றுக்குப் போகும். 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்திய அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போனதை மறக்கக்கூடாது. பிய்த்தெடுத்த நிஜ அடையையும் வைக்காதீர்கள். அதைப் பார்ப்பவருக்குக் கூட்டை அறுக்கத்தான் தோன்றும்.

கடை மூடும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். மலைத்தேனீ இரவிலும் பறக்கும், வெளிச்சத்தில் வந்து மோதிச் சாகும். கண்ணாடியில் படியும் உப்பை முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணல் கீறிவிடும்.

இந்த அலங்காரம் எல்லாரையும்விட உரம், பூச்சிமருந்து விற்கும் கடைக்குத்தான் தேவை என்பது என் உறுதியான கருத்து. அங்கே மிளகாய்ச் செடியும் கொம்புத்தேனீயும் ஒரு பலகையில், பக்கத்தில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தின் டப்பா. வயல்வெளியில் இதைத் தெளிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. ‘பூவில் அடிக்காதீர்கள், அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின்’ என்று கீழே எழுதுங்கள். அந்தப் பலகையை மே மாதம் மாட்டிப் பயனில்லை. மார்கழியில், முண்டு மிளகாய் பூக்கும்போது வாசலில் நிற்க வேண்டும்.