ஐந்தாம் பக்கத்தில் நின்றுபோன உரை

போன சனிக்கிழமை ஒரு பல்கலைக்கழகத்தில் ரப்பர் தோட்டப்புற வாழ்வைப் பற்றிய கருத்தரங்கம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் இதுவரை போய்வந்த நிகழ்ச்சிகளில் பாதிக்கு இந்தப் பதிவு அப்படியே பொருந்தும். ஒருவரை மட்டும் பிடித்துக் குட்டுவது நியாயமில்லை.

அழைப்பிதழில் காலை ஒன்பது மணி என்று போட்டிருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில் பிடித்து, பஸ் மாறி, எட்டு ஐம்பதுக்கு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிழை திருத்திப் பிழைக்கிறவனுக்குக் கை சும்மா இருக்காது. அழைப்பிதழின் பின்பக்கத்தில் எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்தது 45 நிமிடம். நாட்டுப்பண், பல்கலைக்கழகப் பாடல், தமிழ் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம் எல்லாம் சேர்ந்து 25. ஏற்பாட்டுக் குழுத் தலைவரும் ஆலோசகரும் பேசியது 20. விருந்தினர் பேசியது 40. அதில் கருத்தரங்கின் தலைப்பு ஒரு முறை வந்தது, அதுவும் தவறாக. பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம், இன்னொரு குழுப்படம், கண்ணை மூடியவர்களுக்காக மூன்றாவது குழுப்படம் என்று 30 போயிற்று. பிறகு விருந்தினர் கிளம்பினார். அவரோடு முன்வரிசைகள் இரண்டும் கிளம்பின.

யாருக்காக நான் போயிருந்தேனோ அந்தப் பெரியவர் பேச எழுந்தபோது மணி பதினொன்று நாற்பது. அவருக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மணி நேரம். கிடைத்தது 25 நிமிடம். கேள்வி நேரத்துக்கு நேராகப் பூஜ்யம் போட்டு, பென்சிலைப் பையில் வைத்துவிட்டேன்.

பேராக்கில் இருந்த ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வயது எழுபதுக்கு மேல். தோட்டத்துச் சொற்களைப் பல வருடங்களாகச் சேகரித்து வருகிறார். ஒரு துணிப்பையிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியையும் ஒரு மங்குக் கிண்ணத்தையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். மரத்தில் வழியும் பாலைப் பிடிக்கும் கிண்ணத்துக்கு மங்கு என்ற பெயர் மலாய்க்காரர்களின் 'மங்கோக்' வழியாக வந்தது, விடியுமுன் ஆளெடுக்கும் பெரட்டு ஆங்கிலத்தின் 'பரேட்', தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீட்டின் லயம் ஆங்கில 'லைன்' என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்து, அதைச் சொல்லி வாழ்ந்தவர்களை அந்தக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் கூட்டிவந்துகொண்டிருந்தார். எழுதிவைத்த தாளைப் பார்த்துத்தான் படித்தார். மொத்தம் 18 பக்கம்.

ஐந்தாம் பக்கத்தைப் புரட்டும்போது அவருக்குப் பின்னால் இருந்த திரையில் வருகைப்பதிவுக்கான கியூஆர் குறியீடு தோன்றியது. இருநூறு கைப்பேசிகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. தம்மைத்தான் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்த பெரியவர், பால் வெட்டும் கத்தியை எல்லாருக்கும் தெரியும்படி கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

குறியீட்டை எடுத்த மாணவர்கள் எழுந்து போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விடுதியில் அடுத்த ஆண்டும் இடம் கிடைக்கப் புள்ளி வேண்டும், புள்ளிக்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு அந்தக் குறியீடு வேண்டும். யாருக்குமே தேவைப்படாததாக அந்த மண்டபத்தில் இருந்தது உரை ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு மேடைக்குப் போயிற்று. பெரியவர் படித்தார், தாள்களைத் தட்டி அடுக்கினார், 'நன்றி' என்றார். கடைசி வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கியபடி இருந்தாள். 'நேரமின்மை காரணமாக' என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் கை இறங்கிவிட்டது.

அந்தத் துண்டுச் சீட்டை எனக்கு நன்றாகத் தெரியும். மாணவனாக இருந்த காலத்தில் நானே ஒரு நிகழ்ச்சியின் செயலாளராக இருந்து, வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவருக்கு அப்படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். அரசியல்வாதி அரை மணி நேரம் கூடுதலாகப் பேசியபோது எழுதத் துணிவு வராத பேனா, ஆய்வாளர் பேசும்போது மட்டும் சரளமாக ஓடியது. அவர் பேரைக்கூட மறந்துவிட்டேன். சீட்டு மடித்தது நினைவிருக்கிறது.

பகல் உணவு மேசைக்குப் பக்கத்தில் அந்த மாணவி பெரியவரைப் பிடித்துக்கொண்டாள். நான் கரிப்பாப் பலகாரம் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

"ஐயா, என் பாட்டி தோட்டத்தை விட்டு வந்து முப்பது வருடம் ஆகிறது. இப்போது அடுக்குமாடியில் எங்களோடு இருக்கிறார். இன்றைக்கும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிடுகிறார். மருத்துவர் தூக்கமின்மை என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் பெரட்டைப் பற்றிப் பேசியபோது அதுதான் நினைவுக்கு வந்தது."

பெரியவர் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டார். வெயில் ஏறுவதற்கு முன்பு மரத்துக்குள் அழுத்தம் அதிகம், அப்போது வெட்டினால்தான் பால் தாராளமாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்து வெட்டிலேயே உறைந்துவிடும் என்று விளக்கினார். அதனால்தான் இருட்டிலேயே பெரட்டு, விளக்கோடு நிரைக்கு, அதாவது வெட்ட வேண்டிய மர வரிசைக்கு, போவது, மழை பெய்தால் வெட்டும் இல்லை கூலியும் இல்லை என்று வானத்தைப் பார்த்தபடி நிற்பது. "உங்கள் பாட்டிக்கு நோய் ஒன்றும் இல்லை அம்மா. மரத்தின் நேரம் அவர் உடம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுந்ததும் முதலில் வானத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்" என்றார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பார்க்கிறார் போலிருக்கிறது.

கருத்தரங்கின் தலைப்புக்கு நேரடியாகப் பொருந்திய உரையாடல் அது ஒன்றுதான். கேட்டவர்கள் மூன்று பேர், பாத்திரம் கழுவ வந்த அக்காவையும் சேர்த்தால் நான்கு.

இனி என் கருத்துக்கு வருகிறேன். நம் வளாக நிகழ்ச்சிகளில் கேள்வி நேரம் என்பது மிச்சம் மீதி இருந்தால் போடும் ஊறுகாயாகிவிட்டது. நான் அதைச் சோறு என்கிறேன். தகவல் மட்டும் வேண்டுமென்றால் பெரியவரின் 18 பக்கத்தையும் நகலெடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். ஓர் ஆளை அவ்வளவு தூரம் பஸ் ஏற்றி வரவழைப்பது எதற்கு? இவர் சொல்வதை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் தன் வீட்டோடு பொருத்திப் பார்த்து வாய் திறந்து கேட்பதற்குத்தான். அதை வெட்டிவிட்டுக் குழுப்படத்தைக் காப்பாற்றுகிறோம்.

மலேசியத் தமிழர்களுக்குப் பல்கலைக்கழகம் சும்மா கிடைத்த இடமும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம் அது. இந்தியவியல் துறை அமையப் போகிறது, அதில் சமஸ்கிருதத்துக்கு முதன்மையா தமிழுக்கா என்ற வழக்கு எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகப் பேனாவைத் தூக்கினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளிகள் கொடுத்த வெள்ளிகள் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் சேர உதவின. 1956இல் துறை தொடங்கியது. தம் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்குமா என்பதே தெரியாத காலத்தில் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பணம் புத்தகத்துக்கு.

பின்னர் கோலாலம்பூருக்கு மாறிய அந்தத் துறைக்கு 1960களில் தலைமை ஏற்றிருந்தவர் தனிநாயகம் அடிகளார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் கூடியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரில் மாநாடு என்பதோடு கருத்தரங்கு என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. திறந்துவைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். ஆகவே சடங்கே இல்லாமல் நடந்திருக்கும் என்று நான் கதைவிடப் போவதில்லை. ஆனால் அது நமக்கு விட்டுச்சென்றது இரண்டு தடித்த கட்டுரைத் தொகுதிகள். இரண்டாம் மாநாடு 1968இல் சென்னையில் நடந்தது. ஊர்வலம் போயிற்று, மெரினா கடற்கரையில் பத்துச் சிலைகள் எழுந்தன. ஊர்வலமும் சிலையும் எனக்குப் பிடிக்கும். மக்கள் கூடிக் கொண்டாட அப்படி ஒன்று வேண்டும்தான். நாம் அதற்குப் பிறகு ஐம்பது பேர் உட்காரும் அறைக்குள்ளும் ஊர்வலத்தைக் கொண்டுவந்துவிட்டோம் என்பதுதான் என் சண்டை.

இதற்கு மாணவர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் எந்தக் கயிற்றில் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1960களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'சூடுட் பிடாத்தோ' என்று ஒரு பேச்சு முனை இருந்தது. மாணவர்கள் ஏறிப் பேசினார்கள், மற்றவர்கள் நின்று கேட்டார்கள். 1971இல் மாணவர் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1974இல் கெடா மாநிலத்துப் பாலிங்கில் வறுமையில் வாடிய விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியதை அடுத்து, 1975 திருத்தம் அதை இன்னும் இறுக்கியது. மாணவர் அமைப்புகள் தம் பணத்தைத் தாமே கையாளும் உரிமையும் அப்போது போயிற்று. 2012 திருத்தத்துக்குப் பிறகு மாணவர்கள் அரசியல் கட்சியில் சேரலாம் என்றாகிவிட்டது. சட்டம் தளர்ந்தாலும் அது ஏற்படுத்திய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் தளராது. எதற்கும் முதலில் அனுமதி, அனுமதிக்கு 'கெர்த்தாஸ் கெர்ஜா' என்னும் ஒரு திட்ட அறிக்கை. நோக்கம், குழுப் பட்டியல், வரவு செலவு, நிகழ்ச்சி நிரல் என்று இருபது பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சிறப்பு விருந்தினர் பெயருக்கு அதில் ஓர் இடம் உண்டு. என்ன கேள்வியைத் தேடி இந்த நிகழ்ச்சி என்பதற்கு இடம் இருந்து நான் பார்த்ததில்லை. பெரிய பெயர் இருந்தால் கையெழுத்து விரைவாக விழும், நன்கொடையும் வரும். இருபது வயதுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

'அந்தச் சிறப்பு விருந்தினர் காசோலை கொடுத்ததால்தானே உங்களுக்குக் கரிப்பாப்?' என்று ஒரு நண்பர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். உண்மைதான். கொடுத்தவரைக் கௌரவியுங்கள். பத்து நிமிடத்தில் கௌரவிக்க முடியாத அளவுக்கு யாரும் கொடுத்துவிடவில்லை.

பொங்கல் விழா, கலை இரவு இவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்பீர்கள். அங்கே கூட்டத்துக்குக் குறைவில்லை, யாரும் குறியீட்டுக்காக வருவதுமில்லை. அவை நன்றாகவே இருக்கின்றன. விடுங்கள்.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்கு நான் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு இளம் விரிவுரையாளர் ஒருவர் ஒரு பட்டறை நடத்தினார். பதாகை கிடையாது. ஒரு நீள மேசை, பன்னிரண்டு நாற்காலி. மலாயாவை ஜப்பானியர் ஆண்ட காலம் முடிந்த புதிதில் வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கம் ஒன்றை நகலெடுத்து ஆளுக்கொன்று வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் அந்த ஒரே பக்கத்தைப் படித்தோம். அவர் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. அரிசி விலை, தைல விளம்பரம், ஒரு திருமண அறிவிப்பு, ஓரத்தில் நான்கு வரி: சயாமுக்கு ரயில் பாதை போடப் போன தம்பியைப் பற்றித் தகவல் தெரிந்தவர்கள் இந்தத் தோட்டத்துக்கு எழுதவும். ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட, பலர் உயிரோடு திரும்பாத பாதை அது. ஒரு மாணவன், பொறியியல் படிக்கிறவன், கேட்டான்: "தம்பியின் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, வயது இருக்கிறது. அடையாளம் ஏன் எழுதவில்லை?" யாருக்கும் பதில் தெரியவில்லை. திரும்பி வருகிறவனை அடையாளம் சொல்லித் தேட முடியாது, அவ்வளவு உருமாறியிருப்பான் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்றார் ஒருவர். நான்கு வரி விளம்பரத்துக்குத்தான் காசு இருந்திருக்கும் என்றாள் இன்னொருத்தி. கடைசிவரை தீரவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு ஜாலான் டூத்தா பக்கம் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இரண்டு முறை போய்வந்ததாகக் கேள்விப்பட்டேன். சான்றிதழ் எதுவும் யாருக்கும் கொடுக்கவில்லை. விரிவுரையாளரின் ஆண்டறிக்கையில் அந்தப் பட்டறைக்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கும் என்பதைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.

பெரிய சீர்திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. விளக்கு ஏற்றுங்கள், பொன்னாடை போடுங்கள். முக்கிய உரையை முதலில் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். விருந்தினரும் அதுவரை உட்கார்ந்து கேட்கட்டும், அவருக்கும் நல்லதுதான். வருகைப்பதிவைக் கேள்வி நேரம் முடிந்த பிறகு திரையில் காட்டுங்கள். கெர்த்தாஸ் கெர்ஜாவில் கேள்வி நேரம் 30 நிமிடம் என்று எழுதி, அதைத் தொட ஆலோசகருக்கும் உரிமையில்லை என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அடித்துவிட்டால் எனக்குச் சொல்லுங்கள். யார் அடித்தார் என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை.

பெரியவரை அன்று ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். பையில் கத்தி இருந்ததால் கொஞ்சம் பயந்துகொண்டே வந்தார், நல்ல வேளையாக யாரும் சோதிக்கவில்லை. மீதிப் பதின்மூன்று பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஆறாம் பக்கத்திலிருந்துதான் தம்பி பெண்கள் வருகிறார்கள். பிள்ளைக் கொட்டகையில் கைக்குழந்தையை விட்டுவிட்டு நிரைக்குப் போனவர்கள்" என்றார்.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு எங்கள் அச்சகத்தின் மாடியில் அவர் வந்து ஆறாம் பக்கத்திலிருந்து படிக்கிறார். நாற்காலி பதினைந்துதான் இருக்கிறது. அந்த மாணவி பாட்டியையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஆகவே பதின்மூன்று. வருகிறவர்கள் உட்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, மூட்டுவலிக்காரர்கள் முன்கூட்டியே சொன்னால் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்கிறோம்.