ஓட்டுச்சீட்டின் பின்பக்கம்

2024 நவம்பரில் மகள் பன்னிரண்டாம் வகுப்பு. இங்கே கலிஃபோர்னியாவில் அந்த வருஷம்தான் அரசாங்கம் எப்படி நடக்கிறது என்ற பாடம். பரீட்சைக்கு முந்தைய இரவு சமையலறையில் நடந்துகொண்டே ஒப்பித்தாள்: அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் எலக்டோரல் ஓட்டு 538, ஜெயிக்க 270, 2000இலும் 2016இலும் நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றுப்போனார். எல்லாம் சரி. "நம்ம ஊர் பள்ளி வாரியத்துல யார் யார் இருக்காங்க?" என்று கேட்டேன். ஊர்ப் பள்ளிகளை நடத்த நாங்களே ஓட்டுப் போட்டு அனுப்பும் குழு அது. முழித்தாள்.

எனக்கும் தெரியாது, அது வேறு விஷயம். குடியுரிமைத் தேர்வுக்காக 100 கேள்விகளை மனப்பாடம் செய்து, முதல் ஆறுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு எழுந்து வந்தவன் நான். அந்த நூறில் இந்தக் கேள்வி கிடையாது.

இதுதான் என் குறை. பாடத்தை அதிபரில் ஆரம்பிக்கிறார்கள். ஊருக்கு வந்து சேர்வதற்குள் வருஷம் முடிந்துவிடுகிறது. கலிஃபோர்னியா எந்தக் கட்சி அதிபருக்குப் போகும் என்பது ஊரறிந்த சங்கதி. பள்ளி வாரியம், தண்ணீர் வாரியம், நீதிபதி என்று சீட்டின் பின்பக்கத்தில் கிடக்கும் பெயர்களுக்குத்தான் நம் ஒற்றை ஓட்டு உறைக்கும். பக்கத்தில் பெர்க்லியிலும் ஓக்லாந்திலும் 2024 முதல் 16 வயதுப் பிள்ளைகளே பள்ளி வாரியத்துக்கு ஓட்டுப் போடுகிறார்கள். நல்ல காரியம்.

நான் வாத்தியாராக இருந்தால் முதல் வகுப்பில் வர்ஜீனியா கதையைச் சொல்வேன். 2017இல் மாநிலச் சட்டமன்றத்தின் 94ஆம் தொகுதியில் இருவருக்கும் தலா 11,608 ஓட்டு. கடைசியில் இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து குலுக்கி எடுத்தார்கள். 50-50 ஆகியிருக்கக்கூடிய அவையை அந்த ஒரு டப்பாதான் 51-49 ஆக்கி, ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கொடுத்தது. வேறு ஒரே ஒருவர் சோம்பல் பார்க்காமல் போயிருந்தால்? தோற்ற ஷெல்லி சைமண்ட்ஸ் 2019இல் மறுபடி நின்று ஜெயித்தார்.

அப்புறம், பிள்ளைகளை வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்புங்கள். இங்கே 16 வயதானாலே போகலாம், படியும் உண்டு. மகள் போனாள். ஒரு தாத்தா தபால் ஓட்டு உறையைக் கையெழுத்துப் போடாமலே பெட்டிக்குள் நுழைக்கப் பார்த்தாராம். இவள் ஓடிப்போய் பேனாவை நீட்டியிருக்கிறாள். கையெழுத்தைச் சரிபார்க்காமல் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

ராத்திரி காலணியைக் கழற்றியபடியே கேட்டாள்: "அப்பா, நீங்க பின்பக்கம் ஃபுல்லா போட்டீங்களா?"

பாதியை அப்படியே விட்டிருந்தேன்.