பிரெக்கர் ஸ்டூடியோவில் காலத்தைத் தொலைத்தாரா?

அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர் பேச்சு எடுத்தாலே யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள்: "பெரிய ஜாஸ் ஆளு, ஆனா பாதி வாழ்க்கைய பாப் பாட்டுக்கு வாசிச்சே தொலைச்சுட்டாரு." மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். 1949ல் பிறந்தவருக்குத் தன் பெயரில் முதல் ஆல்பம் வந்தது 1987ல். அதற்குள் நூற்றுக்கணக்கான ஆல்பங்களில் பிறருக்காக டெனர் சாக்ஸ் வாசித்துவிட்டார்.

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. 1972ல் பாடகர் ஜேம்ஸ் டெய்லருக்கு வாசித்ததையும், இன்னொரு பாடகர் பால் சைமனின் 1975 ஆல்பத்துத் தலைப்புப் பாட்டில் வரும் சோலோவையும் கேளுங்கள். நிமிடத்துக்கு 72 அடி போகும் பாட்டில் 8 பார் சோலோ என்பது (ஒரு பார் என்றால் நாலு அடி) 27 விநாடிகூட இல்லை. கிளப்பில் பத்து நிமிடம் வாசிக்கிறவர் முதல் இரண்டு நிமிடம் தடவித் தடவி வழி தேடலாம். இங்கே முதல் மூச்சிலேயே விஷயத்துக்கு வந்தாக வேண்டும்.

அதுவும் எந்த நிலைமையில்? டெனர் பி ஃபிளாட் வாத்தியம், அதாவது தாளில் சி என்று இருப்பதை ஊதினால் பி ஃபிளாட் ஒலிக்கும். மற்றவர்களின் சி ஸ்வரம் இவருக்கு டி. கிட்டார்காரர்கள் ஆசையாகப் பிடிக்கும் ஈ மேஜர், டெனரில் எஃப் ஷார்ப் மேஜர். ஆறு ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறி), பார்த்த மாத்திரத்தில் வாசிக்கணும். அடுத்த எதிரி ஏசி. ஒரு டேக்குக்கும் (ஒருமுறை பதிவு) அடுத்ததற்கும் நடுவே இருபது நிமிடம் சும்மா கிடந்தால் குழாய் குளிர்ந்து ஸ்ருதி இறங்கிவிடும். அந்த நிலையில் சோலோவின் கடைசி 2 பாரை மட்டும் திருப்பி எடுத்தால் ஒட்டுப்போட்டது காதில் இடிக்கும். வாசிக்காத நேரத்திலும் கருவிக்குள் சூடான காற்றை ஊதிக்கொண்டே இருப்பது அதனால்தான். வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையான ரீடும் காயக்கூடாது, சீவாளியை நனைத்துக்கொண்டே இருக்கும் நாதஸ்வரக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். ஹெட்போனில் இரண்டு காதையும் மூடினால் தன் ஸ்ருதி பிடிபடாது. ஒன்றை விலக்கினால், அந்தப் பக்கத்தில் தாளம் காட்டும் கிளிக் சத்தம் மைக்கில் ஏறும். விலக்கிய பக்கத்தைத் தலையோடு அழுத்தி வைத்துக்கொள்வதுதான் வழி.

பதினைந்து வருடம் இப்படி வாசித்தவருக்கு எந்தக் கருவியமைப்பிலும், எந்த ஸ்வரத்திலும் ஒலி கலையாது. 1987 ஆல்பத்தில் பெரிய ஜாஸ்காரர்களான பேட் மெத்தேனி, சார்லி ஹேடன், ஜாக் டிஜானெட் எல்லாம் சுற்றி நிற்க, டெனர் துளி அசையவில்லையே, அது எங்கிருந்து வந்ததாம்? அதைத் தயாரித்த டான் கிரோல்னிக்கும் ஜேம்ஸ் டெய்லருக்குக் கீபோர்டு வாசித்த ஸ்டூடியோ ஆள்தான்.

எனக்குக் குறை வேறு இடத்தில். சொந்த ஆல்பங்களின் வேகமான டியூன்களில் சில சமயம் ஸ்வரங்கள் நெரிசலாகக் குவிகின்றன. மூச்சு விட இடமில்லை. பால் சைமனுக்கு அப்படி ஒரு ஸ்வரம்கூட அதிகமாக வாசிக்கவில்லை. அங்கே பார் தீர்ந்ததும் பாடகர் வந்துவிடுவார்.